மூன்றுக்கும் ஒரே வயது

கீழ்க்கட்டளை
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷர்மிளா,

போனில் பேசினால் "சாப்பிட்டாயா" என்பதைத் தாண்டுவதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். இதைப் படித்தவுடன் போன் செய்துவிடாதே. நீயும் எழுது.

இதோடு ஒரு அட்டைப்பெட்டி வரும். உள்ளே மூன்று குழாய்களில் மண் இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் தண்ணீர் நிற்கிறதே, அதன் கரையில் துளை போட்டு எடுத்தது. ஐந்தடி ஆழத்தில் ஒன்று, பத்தடியில் ஒன்று, பதினைந்தடியில் ஒன்று. எல்லாவற்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன். கணக்கு டீச்சர் ஒட்டிய சீட்டு, தப்பு இருக்காது.

வீட்டை இடிக்க நோட்டீஸ் வந்த விஷயம் அத்தை உன்னிடம் அழுதிருப்பார்கள். நம் நகர் மொத்தமும் ஒட்டந்தாங்கல் ஏரிக்குள் கட்டியிருக்கிறது என்கிறார்கள். நம் கேட்டில் சிவப்புப் பெயின்டில் எண் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். உன் அண்ணன் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட கேட். பிரேம் போய் மூன்று வருடமாகிறது, தெருவில் இன்னும் இது பிரேம் சார் வீடுதான். குடியிருப்போர் சங்கத்துக்குத் தபால் வருவதுகூட நம் விலாசத்துக்குத்தான்.

சங்கம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. இங்கே ஏரியே கிடையாது, ஐம்பதுகளில் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது என்பது எங்கள் கட்சி. கூட்டத்தில் யாராவது வாய்தவறி ஏரி என்றால் செயலாளர் சத்யநாராயணன் சார் மேஜையைத் தட்டுகிறார். "பள்ளம்னு சொல்லுங்க சார், பள்ளம்!" பழைய வரைபடம் ஒன்று ஏரி என்கிறது, இன்னொன்று புறம்போக்கு என்கிறது. அதனால் அடிச்சேற்றின் வயதைச் சோதித்து அறிக்கை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எழுபது வருடத்துக்குள் என்றால் பள்ளம், வீடுகள் நிற்கும். அதற்கு மேல் என்றால் எங்களுக்குப் போக இடமில்லை.

"கார்பன் டேட்டிங்னா நம்ம பிரேம் சார் தங்கச்சிதானே மேடம்" என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். நீயும் சரி என்று சொல்.

ரோஹிணி


போபால்
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணி,

பெட்டி வந்தது. குழாய்கள் உடையவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் என் அம்மா இருக்கிறார் என்று எங்கள் ஆய்வகத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். "எண்ணைத் தருவது மெஷின், நீ விளக்கம் மட்டும் எழுது" என்றார். அவருக்கு அது எளிது.

சங்கத்தில் கேட்டால் சொல்லுங்கள். மண்ணுக்கு வயது பார்ப்பதில்லை. சேற்றோடு படிந்து கிடக்கும் இலை மக்கு, வேர், கரி இவற்றுக்குத்தான் பார்ப்போம். உயிரோடு இருக்கும்வரை செடியும் மாடும் நாமும் காற்றிலிருந்தும் தீனியிலிருந்தும் கார்பன்-14 என்ற ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே இருக்கிறோம். செத்தபின் வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது மெல்ல மெல்லக் குறையும். எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் செத்து எவ்வளவு காலம் என்று தெரியும்.

உங்கள் வழக்குக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நாடுகள் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் இந்தக் கார்பன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அப்போது முளைத்த புல்லில்கூட அந்த அதிகப்படி இருக்கும். ஐம்பதுகளில் வெட்டிய பள்ளம்தான் என்றால் அடிச்சேற்றில் அது பளிச்சென்று தெரியவேண்டும். தெரியவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். விஞ்ஞானி எழுதக்கூடாத வாக்கியம். உங்களுக்கு எழுதலாம்.

அண்ணன் மனை வாங்கியபோது நான் சொன்னதை இப்போது யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். நானும் மாட்டேன்.

அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். நீங்கள் எழுதுங்கள்.

ஷர்மிளா


போபால்
22 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணி,

முதல்கட்ட முடிவு சங்கத்துக்கு மின்னஞ்சலில் போய்விட்டது. அது விதி, நான் நிறுத்த முடியாது. இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மூன்று குழாயிலும் இருப்பது இந்தக் காலத்துப் பொருள் என்று வந்திருக்கிறது. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

எனக்குச் சந்தோஷமாக இல்லை, அண்ணி. பயமாக இருக்கிறது.

ஐந்தடிக்கும் பத்தடிக்கும் பதினைந்தடிக்கும் ஒரே வயது. சேறு வருடா வருடம் ஒரு விரல்கூட இல்லாமல் படிவது. அடியில் பழையதும் மேலே புதியதும் இருந்தே ஆகவேண்டும். எழுபது வருடப் பள்ளமாகவே இருக்கட்டும், அடியில் குண்டு காலத்து அதிகப்படி எங்கே? அது துளிகூட இல்லை. மூன்றும் இந்த வருடம் மேய்ந்த புல்லின் வயதில் இருக்கின்றன. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். மென்று அரைத்த மாதிரி வைக்கோல் நார் தெரிகிறது, மூன்றிலும்.

துளை போட்டபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? உள்ளே என்ன ஊற்றினார்கள்? தயவுசெய்து விசாரித்து எழுதுங்கள். இறுதி அறிக்கையில் நான் கையெழுத்துப் போடவேண்டும்.

ஷர்மிளா


கீழ்க்கட்டளை
27 செப்டம்பர் 2025

ஷர்மிளா,

இங்கே தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாகிவிட்டது. சத்யநாராயணன் சார் உன்னைச் சரஸ்வதி என்கிறார். நீ என்னடாவென்றால் வைக்கோல் நாரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்.

கேட்டாய் என்பதற்காக விசாரித்தேன். கோபு மேஸ்திரிதான் துளை போட்டவர், நம் வீட்டு போர்வெல்லும் அவர் போட்டதுதான். என்ன ஊற்றினீர்கள் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சாணி கரைச்சு ஊத்தாம கை போர் எப்டிமா எறங்கும்? மணலு சரிஞ்சி வாய மூடிக்கினு பூடும். ஒரு டிரம்மு ஊத்தனேன். ஏம்மா, இன்னா ஆச்சு, தண்ணி நாறுதா?"

நான் என்ன சொல்ல? இந்தப் பக்கம் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் போடுகிறார்கள். சாணிக் கரைசல் துளையின் சுவரில் பூச்சு மாதிரி பிடித்து நிற்கும். மெஷின் வண்டிக்கு வாடகை அதிகம், அதனால் அவரைக் கூப்பிட்டோம். மண் எடுப்பதும் போர் போடுவதும் ஒன்றுதானே என்று அறுபது வீட்டுக்காரர்களும் நினைத்தோம். அதில் இரண்டு இன்ஜினியர், ஒரு ரிட்டயர்டு தாசில்தார்.

சரி, சாணி. அதனால் என்ன? மெஷின் சொன்னதை நீ எழுது. சாணி ஊற்றினார்களா என்று தீர்ப்பாயம் கேட்கவில்லையே. கேட்காததை ஏன் சொல்லவேண்டும்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருவதே அதுதான், கேட்டதற்கு மட்டும் விடை எழுது என்று.

அத்தைக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. முடிவு வந்த அன்று அவர்களே எழுந்து வந்து கேட்டில் இருந்த சிவப்பு எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கப் பார்த்தார்கள். போகவில்லை.

ரோஹிணி


போபால்
6 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணி,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன்.

அந்தச் சேற்றில் உயிர்ப்பொருள் இருப்பது ஒரு சிட்டிகை. சாணி முழுக்க முழுக்க உயிர்ப்பொருள், அதுவும் இன்றைய புல். மெஷின் எண்ணியது கோபு மேஸ்திரியின் மாட்டை. ஏரியையோ பள்ளத்தையோ அது பார்க்கவே இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. பதினைந்தடிக் குழாயில் கெட்டியான ஒரு களிமண் கட்டி இருந்தது, உள்ளங்கையில் அடங்கும். கரைசல் அதன் உள்ளே போயிருக்காது என்று உடைத்துப் பார்த்தேன். நடுவில் மிளகளவு ஒரு கரித்துண்டு. யாரோ எரித்த விறகோ, கரையில் தீப்பிடித்த புல்லோ தெரியாது. அமிலத்திலும் காரத்திலும் கழுவி அதை மட்டும் தனியாக மெஷினில் வைத்தேன். ஆயிரத்து நூறு வருடம், அண்ணி. ஐம்பது முன்னே பின்னே.

ஒரே ஒரு கரித்துண்டை வைத்து ஏரி என்று தீர்ப்பு எழுதமுடியாது. வேறெங்கோ இருந்து அடித்துக்கொண்டு வந்திருக்கலாம். அதனால் அறிக்கையில் ஒரு பத்தி சேர்க்கப்போகிறேன். துளை போடும்போது சாணிக் கரைசல் ஊற்றப்பட்டதால் இந்த மூன்று முடிவும் செல்லாது, எஃகுக் குழாயை உலர்வாக அடித்து இறக்கி மறுபடி மண் எடுக்கவேண்டும், களிமண் நடுவில் கிடைத்த கரி இவ்வளவு பழையது. இவ்வளவுதான். அந்தப் பத்தியை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் இப்போது சொல்லவேண்டாம்.

ஷர்மிளா


கீழ்க்கட்டளை
13 அக்டோபர் 2025

ஷர்மிளா,

மிளகளவு கரி. அது என் வீட்டை இடிக்குமா?

இந்த வீட்டில் எவ்வளவு கல் என்று உனக்குத் தெரியாது. கட்டும்போது நீ வரவில்லை. "தண்ணி நிக்கிற இடம் அண்ணா, வாங்காதே" என்று போனில் சொன்னாய், அவர் வைத்துவிட்டார். அப்புறம் எட்டு வருடம் அண்ணனும் தங்கையும் பேசவில்லை. பேசலாம் என்று அவர் நினைத்தபோது ஆம்புலன்ஸ் குரோம்பேட்டை தாண்டவில்லை. நீ அன்றைக்கும் சரியாகத்தான் சொன்னாய். 2015 டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் என்னிடம், "ஷர்மிக்கு மட்டும் சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை. ஊரெல்லாம் வெள்ளம், நமக்கும் வந்தது என்று விட்டுவிட்டோம்.

சரியாகச் சொல்லிச் சொல்லி உனக்கு என்ன மிச்சம்? யோசித்துப் பார்.

அந்தப் பத்தியை எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? உன் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் இரும்புலியூரிலோ எங்கேயோ வாடகைக்கு வீடு தேடவேண்டும். படி ஏறமுடியாதவருக்குக் கீழ்வீடு யார் தருவார்கள்? இங்கே இருக்கும் அறுபது குடும்பமும் காலையில் என் முகத்தில் விழிக்காது. எல்லோரும் வங்கியில் கடன் வாங்கிக் கட்டியவர்கள், பட்டா காட்டித்தான் விற்றார்கள். ஏமாற்றியவன் ஒருவன், இடிபடுவது இன்னொருவன். அதற்கு உன் மெஷினில் ஏதாவது எண் உண்டா?

தீபாவளி வருகிறது. அத்தை உனக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த வருடமும் நீ வரமாட்டாய் என்று தெரியும். தெருக்கோடியில் நாலு நாளாக லாரி வருவதும் போவதுமாக இருக்கிறது, வீடு முழுக்கத் தூசி. அதுவேறு அவர்களுக்கு இருமல்.

எழுதாதே, ஷர்மி. உன்னிடம் இதுவரை எனக்கென்று நான் எதுவும் கேட்டதில்லை.

ரோஹிணி


போபால்
24 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணி,

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

மூன்று குழாய், மூன்று எண், கீழே கையெழுத்து. வேறொன்றும் இல்லை. கரித்துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அறிக்கையை இன்று காலை ஸ்பீட் போஸ்டில் சங்கத்து விலாசத்துக்குப் போட்டேன். அதில் இருக்கும் எந்த எண்ணும் பொய் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு தபால் நிலையம் வரை நடந்தேன்.

"ஷர்மிக்கு மட்டும் சொல்லாதே" என்று அண்ணன் சொன்னதை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். அதைப் படித்தபின் என்னால் அந்தப் பத்தியைப் பார்க்கவே முடியவில்லை. ஒரு தடவை சரியாகச் சொல்லி ஒருவரை இழந்தேன். இன்னொரு தடவை சொல்லி உங்களையும் அம்மாவையும் இழக்க எனக்குத் தெம்பில்லை.

தீபாவளிக்கு ஆய்வகத்தில்தான் இருந்தேன். புது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி தன் முடிவைக் காட்டி, "இது சரியா மேடம்" என்று கேட்டாள். வேறு யாரிடமாவது காட்டு என்று அனுப்பிவிட்டேன்.

இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷர்மிளா


கீழ்க்கட்டளை
24 அக்டோபர் 2025

அன்புள்ள ஷர்மிளா,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடாததே நல்லது. நான் எழுதியதை மறந்துவிடு. அந்தப் பத்தியை எழுது.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நாளாக மழை. பெரிய மழைகூட இல்லை, 2015-க்கு அப்புறம் இதைவிடப் பேய்மழையில்கூட தெருவில் கணுக்கால் தண்ணீரோடு நின்றிருக்கிறது. முந்தாநாள் விடியற்காலை அத்தை கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கட்டிலுக்குக் கீழே தண்ணீர். அவர்களுடைய செருப்பு அறைக்குள் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அருண்ராஜும் நானும் அவர்களைத் தூக்கி மாடியில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். கனமே இல்லை ஷர்மி, அதில்தான் எனக்கு அழுகை வந்தது.

தண்ணீர் ஏன் வந்தது என்று தெருக்கோடிக்குப் போனேன். லாரி வருகிறது என்று எழுதினேன் அல்லவா? இடித்த கட்டடத்தின் கல்லும் மண்ணும் கொட்டி, தண்ணீர் நிற்கும் இடத்தில் பாதியை மேடாக்கிவிட்டார்கள். எங்களுக்கு மனை விற்ற அதே புரமோட்டர். அவருடைய ஆள் குடை பிடித்துக்கொண்டு நின்றான். யாரைக் கேட்டுக் கொட்டுகிறீர்கள் என்றேன்.

"இன்னா மேடம், உங்க ரிப்போர்ட்டே சொல்லுதே, இங்க ஏரி இல்லைன்னு. பள்ளத்த ரொப்பறதுக்கு யார கேக்கணும்?"

சங்கத்து வக்கீலுக்குப் பணம் கட்டுவதே அந்தப் புரமோட்டர்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. சத்யநாராயணன் சாருக்கு முதலிலேயே தெரியும். "நம்ம வீடு நின்னாப் போதும் மேடம், மத்தது நமக்கெதுக்கு" என்றார். மீதித் தண்ணீர் எங்கே போகும் சார் என்றேன். நாராயணபுரம் பக்கம் போகும் என்று கையைக் காட்டினார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை, அவர் வீட்டு வாசலைப் பார்த்தேன். அங்கேயும் தண்ணீர்தான்.

இந்த வீட்டைக் காகிதத்தில் காப்பாற்றினால் தண்ணீரில் விடவேண்டும். இதற்குமேல் எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. நவம்பர் ஆறாம் தேதி விசாரணை. நான் போய்ச் சாணியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நீ கரியைப் பற்றி எழுது. இரண்டும் ஒன்றாகப் போகட்டும்.

ரோஹிணி


கீழ்க்கட்டளை
30 அக்டோபர் 2025

அன்புள்ள ஷர்மி,

இன்று ஒரே தபால்காரர் இரண்டையும் கொண்டுவந்தார், உன் கடிதத்தையும் அறிக்கை உறையையும். கடிதத்தைத்தான் முதலில் படித்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம். ஒரு கடிதம் எழுதி உன்னை இந்தக் காரியம் செய்ய வைத்தேனே என்று என்மேல் அதைவிடக் கோபம். இதை நீ என்னிடம் மறுத்துத் திட்டியிருக்க வேண்டும். பிரேமின் தங்கை திட்டுவாள் என்ற தைரியத்தில்தான் அவ்வளவு எழுதினேன் போலிருக்கிறது.

உறையை நான் பிரிக்கவில்லை. சங்கத்துக்கு வந்ததுதான், ஆனால் வந்தது என் வாசலுக்கு, வாங்கியது என் கை. குரோம்பேட்டை தபால் நிலையத்தில் உன் பெயருக்கே திருப்பிப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அறிக்கை கைக்கு வரவில்லை என்றுதான் ஆறாம் தேதி வக்கீல் சொல்லமுடியும். ஏன் வரவில்லை என்று நான் எழுந்து சொல்வேன். முதலில் எண் மட்டும் எழுதி அனுப்பினாய், நான் கேட்டுக்கொண்டதால் அனுப்பினாய், நானே திருப்பினேன். உன் தலைவரிடமும் இதையே சொல். மறைத்துவிட்டு வேறு அனுப்பாதே, அது இன்னொரு சாணியாகிவிடும்.

எஃகுக் குழாய் அடித்து மறுபடி மண் எடுக்கவேண்டும் என்றாயே, நம் முன்வாசலில் அடிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்டுக்கும் படிக்கும் நடுவில். அங்கே நானே நின்று பார்த்துக்கொள்வேன், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவிடமாட்டேன். வருவது ஆயிரம் வருடமாகவே இருக்கட்டும்.

சாணியைப் பற்றிச் சொல்லப்போவதாகச் சங்கத்தில் சொன்னதிலிருந்து, தெருவில் ஐந்து நாளாக யாரும் என்னோடு பேசுவதில்லை. அருண்ராஜ் மட்டும் மதில் மேலாக, "அக்கா, நிஜமாவே சொல்லப்போறீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உள்ளே போய்விட்டான். அவனுக்கும் கேட்டில் எண் இருக்கிறது. அவனை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அவனிடம் போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. வீடு போகும் எல்லோருக்கும் வேறு இடம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏமாற்றி விற்றவன் பெயரை முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். கையெழுத்து இதுவரை ஒன்றுதான், என்னுடையது.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப ஷர்மி சொன்னது சரிதானா?" என்று கேட்டார்கள். சரிதான் அத்தை என்றேன். "அவகிட்ட சொல்லிடு, அவ அண்ணன் சார்பா" என்றார்கள். சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு வா. எந்த வீட்டுக்கு என்று அப்போது எழுதுகிறேன்.

உன் அண்ணி
ரோஹிணி